கெங்கேரி நாட்குறிப்பு: ஏபிஎஸ் வரும் வரை

ஜனவரி 6

ஜெர்மனியில் முதுநிலை படிக்க ஏபிஎஸ் சான்று வேண்டும், நம் படிப்புக் காகிதங்கள் சரியானவை என்று சொல்லும் சான்று. அதற்கான கூரியர் போய்விட்டது. 18,000 ரூபாய் கட்டிய ரசீதின் நகலும் உள்ளே. இனி டெல்லி பாடு.

ஜனவரி 9

நாயண்டஹள்ளியில் விருஷபாவதி ஆற்றில் இன்றைக்கும் நுரை.

ஜனவரி 11

பெயர்தான் பெரிய தலைவலி. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆதாரில் இனிஷியல் பின்னால். நம் ஊர்ப் பெயர் என்றால் இப்படித்தான், ஆனால் ஜெர்மன் படிவத்துக்கு இது மூன்று ஆள். பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்துக்கூட்டலையே எல்லா விண்ணப்பத்திலும் போட வேண்டும். மூன்று பெயரும் ஒருவருடையதே என்று முத்திரைத்தாளில் அஃபிடவிட், அதில் நோட்டரி முத்திரை. ஐஇஎல்டிஎஸ் பதிவிலும் பாஸ்போர்ட் பெயரே. அங்கே பிசகினால் நாலாவது ஆளும் சேர்ந்துகொள்வான்.

2022 நவம்பர் 1-லிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்று இல்லாமல் ஜெர்மனி மாணவர் விசா நகராது. அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் இதை அனுப்பினேன்.

ஜனவரி 17

"டாட்டா இன்ஸ்டிட்யூட் இங்கேயே இருக்கேப்பா, ஸ்டைபண்டும் தராங்களே" என்கிறார் அப்பா. நியாயமான கேள்வி. கேட் நுழைவுத்தேர்வு தேறி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். வீட்டுச் சாப்பாடு. கடன் இல்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் வேதியியலும் உயிரியலும் அப்பா சொல்லும் அந்த டாட்டா இன்ஸ்டிட்யூட்டில், அதாவது ஐஐஎஸ்சியில், கிடைக்காததில்லை, ஐஐடி மெட்ராஸிலும் கிடைக்காததில்லை. "வெளிநாட்டில்தான் நல்ல படிப்பு" என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இங்கே பார்க்கக் கிடைக்காத ஒன்று உண்டு. சாக்கடையாகிப்போய், மறுபடி ஆறாகிவிட்ட ஆறு. ஜெர்மனியின் எம்ஷர்.

அது ஓடும் ரூர் வட்டாரத்தில் நிலக்கரி தோண்டத் தோண்ட மேலே தரை இறங்கிக்கொண்டே இருந்தது. பூமிக்கடியில் குழாய் பதித்தால் முறிந்துவிடும். அதனால் ஆற்றையே நேராக்கி, காங்கிரீட் போட்டு, திறந்த சாக்கடையாக விட்டார்கள். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து தரை அசைவு நின்ற பிறகுதான் குழாய்க்கு வழி பிறந்தது. 1992-இல் வேலை தொடங்கியது. டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் பெரிய கழிவுநீர்க் குழாய். 2021 முடிவில் ஆற்றில் கழிவுநீர் விழுவது நின்றது. செலவு ஏறக்குறைய 550 கோடி யூரோ.

முப்பது வருஷம் ஒரே வேலையில் நின்றிருக்கிறார்கள். அது எப்படி முடிந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். அங்கே ஆற்றுக்கென்றே 1899-இல் தொடங்கிய சங்கம் ஒன்று இருக்கிறது. நகராட்சிகள், சுரங்கங்கள், ஆலைகள் எல்லாம் அதில் உறுப்பினர், அவரவர் பங்கைக் கட்டியாக வேண்டும். இங்கே கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்திடம், ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியிடம். குழாய் உடைந்து காலுவேயில் விழும் நீர் யாருடையது?

அப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "யோசிச்சுதான் சொல்றேம்பா" என்றேன்.

ஜனவரி 24

1.9 என்றால் சரி. 2.08 என்றால்?

நம் மதிப்பெண்ணை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் கணக்கு இதுதான். அதிகபட்ச மதிப்பெண்ணில் நம்முடையதைக் கழி. அதிகபட்சத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்தைக் கழித்து, அதனால் வகு. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. 10-க்கு 8.2, குறைந்தபட்சம் 4 என்று எடுத்தால் 1.9. அதையே 5 என்று எடுத்தால் 2.08. ஜெர்மனியில் எண் குறையக் குறைய நல்லது. மார்க் ஒன்றுதான், எதைக் குறைந்தபட்சமாகக் கொள்கிறார்கள் என்பதில் ஆள் மாறிவிடுகிறான். பல துறைகளில் 2.5 எல்லைக்கோடு, அதனால் இரண்டுமே தப்பிக்கும். தெரிந்தும் மனம் கேட்கவில்லை, மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 2

யூரோ ஒரு ரூபாய் ஏறினால் 11,904 ரூபாய்.

பிப்ரவரி 3

விசாவுக்கு, பணத்தை முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். மாதம் 992 வீதம் திரும்ப வரும், அதுவும் அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகு. முதல் மாதத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம். (பெங்களூரில் பத்து மாதம் கொடுத்துப் பழகியவர்களுக்கு அது சலுகைதான்.) மருத்துவக் காப்பீடும் அந்த 992-க்குள்ளேயே. ஆகவே தனியாகக் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும்.

யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 11,90,400. அரசு வங்கிகளில் கல்விக் கடன் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு. எங்கள் வீடு பி காத்தா, மாநகராட்சிப் பதிவேட்டில் முழு அங்கீகாரம் இல்லாத வகை, அதை வங்கி ஏற்பது கஷ்டம். மிஞ்சியது திருப்பத்தூர் நிலம்: பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம். தவணை படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான், ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தால் அந்த வட்டிக்கு எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு.

பிப்ரவரி 12

"ஜெர்மனியில் ஃப்ரீ" என்று சொல்பவர்கள் எந்த மாநிலம் என்று சொல்வதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க்கில் நமக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்கு 4,000 அல்லது 6,000. எம்ஷர் ஓடும் மாநிலத்தில் அரசுப் பல்கலைகளில் பொதுவாகக் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு மட்டும். அங்கே இருக்கும் டூயிஸ்பர்க்-எஸ்ஸன் பல்கலைக்கு முதலில்.

பிப்ரவரி 20

கிரெடிட். நாலு வருஷத்துக்கு 160. அதை 240 ஐரோப்பிய கிரெடிட்டாக எடுத்தால் ஒன்றுக்கு ஒன்றரை. நாலு கிரெடிட் கணக்குப் பாடம் ஆறாகும். மொத்தம் போதும், ஆனால் மொத்தத்தைப் பார்த்து மட்டும் சேர்ப்பதில்லை. கணிதத்துக்கு இவ்வளவு, நீரியக்கவியலுக்கு இவ்வளவு, வேதியியலுக்கு இவ்வளவு என்று தனித்தனியே எண்ணுவார்கள். சிவில்காரர்களுக்கு வேதியியலில்தான் அடி. "சுற்றுச்சூழல் பொறியியல்" என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் உள்ளே வேதியியல் இருப்பது தெரியாது. பாடத்திட்டத்தில் அலகு, மணிநேரம், ஆய்வகம் உள்ள பக்கங்களை அப்படியே இணைக்க வேண்டும்.

யூனி-அசிஸ்ட் (பல பல்கலைகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு): முதல் விண்ணப்பம் 75 யூரோ, அடுத்தடுத்து 30. மூன்றுக்கு 135. கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். காகிதம் குறைகிறது என்று கடிதம் வந்தால் திருப்பி அனுப்ப நாள் வேண்டுமே.

பிப்ரவரி 27

ஏபிஎஸ் வரவில்லை.

மார்ச் 4

வகுப்புக்கு இந்திராநகர் போகும் பர்ப்பிள் லைன் மெட்ரோ கொஞ்ச தூரம் விருஷபாவதியின் பக்கத்திலேயே போகிறது. கண்ணாடிக்கு வெளியே கறுப்பு நீர். பசவனகுடி பக்கம் பிறந்து, அர்க்காவதியில் சேர்ந்து, அர்க்காவதி சங்கமாவில் காவிரியில் சேர்கிறது. அப்புறம் மேட்டூர். காவிரியில் எவ்வளவு தண்ணீர் என்றுதான் இரண்டு மாநிலமும் பேசுகின்றன. என்ன தண்ணீர் என்று பேசுவோர் குறைவு. எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

மார்ச் 9

கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர். எம்ஷர் குழாயின் சரிவு அவ்வளவுதான். சரிவு குறைந்தால் கசடு தங்கும். 51 கிலோமீட்டருக்கு அதே சரிவில் போனால் 76 மீட்டர் ஆழத்தில் போய் நிற்கும், அதனால் நடுவே மூன்று இடங்களில் பம்ப் வைத்து மேலே தூக்குகிறார்கள். பெங்களூர் மேட்டில் இருக்கும் ஊர், பள்ளத்தாக்குகளின் சரிவு இயற்கையே கொடுத்தது. அவர்கள் காசு கொட்டி வாங்கிய சரிவு நமக்குச் சும்மாவே கிடைத்திருக்கிறது. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

1.9. இல்லை, 2.08.

மார்ச் 11

நாளை பத்து மணிக்கு வங்கி வக்கீலிடம் காகிதங்கள். பட்டா இருக்கிறது. வில்லங்கம் 30 வருஷத்துக்கு எடுத்தாயிற்று. தாய்ப்பத்திரம் பீரோவில் இல்லை. திருப்பத்தூர் அத்தைக்குப் போன் போட வேண்டும்.