எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்?

நவம்பர் 18
8.10க்குப் பிள்ளைக்கு அவித்த முட்டையின் வெள்ளைக்கரு, சுண்டுவிரல் நுனியளவு. 8.20க்கெல்லாம் வாயைச் சுற்றித் தடிப்பு, மேலுதடு வீக்கம். இரைப்பு இல்லை. அழுகை கணீரென்றுதான் இருந்தது. அப்பத்தா எறும்புக்கடி என்கிறார்கள். நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19
காரைக்குடி. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு வந்தது என்பதுதான். சில நிமிடத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் வந்தால் அது ஒரு வகை அலர்ஜி. பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து வந்தால் வேறு வகை. முட்டை முதல் வகை. டயப்பரில் சளியும் ரத்தக் கீற்றும் வருவது இரண்டாவதாக இருக்கலாம், பால்மேல்தான் சந்தேகம் என்றார். நான் குடிக்கும் பாலின் புரதம் தாய்ப்பால் வழியாக அவனுக்குப் போகுமாம். மூச்சுத் திணறினாலோ துவண்டு போனாலோ யோசிக்காமல் 108. அப்போது தேவை தொடையில் அட்ரினலின் ஊசி, அலர்ஜி சிரப்பை நம்பி உட்காரக் கூடாது.

நவம்பர் 20
மறுபடி கீற்று.

நவம்பர் 23
பால், தயிர், மோர், நெய் எல்லாம் நிறுத்தியாயிற்று. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்: பால் திடப்பொருள், கேசின், வே. எல்லாம் பால்தான். பால் பணியாரத்துக்கு அம்மா தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றினார்கள், நன்றாகவே இருந்தது.
வீட்டு வளவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு யோசனை. ஆட்டுப்பால் கொடு என்கிறார்கள். பசும்பால் சேராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் சேராது, இரண்டின் புரதமும் அவ்வளவு ஒத்தது. ஒருவர் கழுதைப்பால்காரரையே வாசலுக்கு அழைத்து வந்துவிட்டார். லாக்டோஸ் இல்லாத பால் வாங்கச் சொன்னவரிடம், லாக்டோஸ் சர்க்கரை, இவனுக்கு ஆகாதது புரதம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை என்னுடையது.

நவம்பர் 27
தூங்கவில்லை. அவன் தூங்கினான்.

டிசம்பர் 1
மதுரையில் தோல் பரிசோதனை. முட்டைத் துளி வைத்த இடத்தில் கால் மணி நேரத்தில் வெளிறிய திட்டு எழும்பியது, சுற்றிலும் சிவப்பு. பால் வைத்த இடம் சும்மா இருந்தது. எனக்கு உயிர் வந்தது, உடனே போனது: மெதுவாக வரும் வகை இந்தப் பரிசோதனையில் தெரியாதாம். திட்டு எழுந்தாலும் அதுவே தீர்ப்பில்லை, சாப்பிட்டதும் நடந்ததும் சேர்ந்தால்தான் அலர்ஜி. பாலுக்கு ஒரே வழி, 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது.

டிசம்பர் 8
டயப்பர் சுத்தம். கன்னத்துச் சொரசொரப்பும் குறைந்திருக்கிறது.

டிசம்பர் 12
பிள்ளையார் நோன்பு வருகிறது. இழைமாவை, அதாவது நூல் திரி வைக்கும் மாவை, நெய்யில்தான் பிசைய வேண்டும், திரியை ஏற்றி அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நெய்யிலும் துளி பால் புரதம் இருக்கும். எப்படிச் சொல்வதென்று இரண்டு நாளாகத் தவித்தேன். அப்பத்தா மாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "உனக்குத் தனியா நெய் இல்லாம உருட்டிடறேன் ஆத்தா. பிள்ளையாருக்குத் தெரியாதா பிள்ளை கஷ்டம்" என்றார்கள். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 14
முட்டை அலர்ஜி இருந்தால் 9 மாதத் தட்டம்மை ஊசி போடக்கூடாது என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகப் போடலாம்.

டிசம்பர் 17
நாளை நான் பால் குடிக்க வேண்டும். வீட்டில் சண்டை. நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்குச் சோதிக்கிறாய் என்கிறார்கள். ரத்தம் தானாகவே நின்றிருந்தால்? காரணமில்லாமல் நானும், பின்னால் அவனும் எத்தனை காலம் பாலை விடுவது? தெரிந்தாக வேண்டும்.

டிசம்பர் 18
காலை 7.00, ஒரு டம்ளர் பால். மதியம் தயிர். இரவுவரை ஒன்றுமில்லை.

டிசம்பர் 20
அதிகாலை 2.40. சளி, கீற்று. போட்டோ எடுத்து நேரம் போட்டு டாக்டருக்கு அனுப்பிவிட்டேன். பால்தான். காலையில் எனக்குக் கால்சியம் மாத்திரை எழுதித் தரச் சொல்ல வேண்டும், கேழ்வரகும் எள்ளும் வாங்க வேண்டும்.