மூன்று கோல் முன்னால் நின்று வைத்த நேர்த்தி

2019 மே 2ஆம் திகதி காலை, வவுனியாவிலிருந்து நான் வந்த பஸ் வழக்கம்போல முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்றது. ஏ9 வீதியில் போகிற வாகனங்கள் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடாமல் கடப்பது குறைவு. சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்துவார், நாங்கள் கச்சான் வாங்குவோம், பத்து நிமிடத்தில் பஸ் கிளம்பிவிடும். அன்றைக்கு எனக்குக் கண் இரண்டும் கோவைப்பழம். முதல் நாள் இரவு, எங்கள் நேரத்துக்கு 12.30 மணிக்குத் தொடங்கிய சாம்பியன்ஸ் லீக் உதைபந்தாட்டத்தின் பார்சிலோனா - லிவர்பூல் அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் போனில் பார்த்து முடிக்க இரண்டரை மணியாகியிருந்தது. 3-0. சுவாரஸ் ஒன்று, மெஸ்ஸி இரண்டு. மெஸ்ஸியின் இரண்டாவது, தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கிக். பார்சிலோனாவுக்காக அவர் போட்ட 600ஆவது கோல் அது. நித்திரை இல்லை என்றாலும் தலை மிதந்துகொண்டிருந்தது.

அந்த மிதப்பில்தான் பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொன்னேன்: "பைனலுக்குப் போகட்டும், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போற வழியில இறங்கி 21 தேங்காய் உடைக்கிறன்."

இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மூன்று கோல் முன்னால் நிற்கிறவன் வைக்கிற நேர்த்தியா அது? வட்டிக்காரன் அடகு நகையைக் கையில் பிடித்துக்கொண்டு தவணை பேசுவது போல. அதோடு, முந்தின வருடமும் இதே கதைதான். ரோமா அணியைச் சொந்த மைதானத்தில் 4-1 என்று அடித்துவிட்டு, ரோமுக்குப் போய் 3-0 என்று தோற்று வெளியே வந்தவர்கள் நாங்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் பிள்ளையாருக்கு முன்னால் நினைக்கவும் இல்லை.

"நாங்கள்" என்கிறேன். கிளிநொச்சிக்காரனுக்கும் பார்சிலோனாவுக்கும் என்ன உறவு என்று மாமி அடிக்கடி கேட்பார். 2009 மே 27இல் ரோமில் நடந்த இறுதி ஆட்டத்தில் மெஸ்ஸி தலையால் முட்டிக் கோல் போட்டபோது நான் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கான செட்டிகுளம் முகாமில் இருந்தேன். அப்படி ஓர் ஆட்டம் நடந்ததே தெரியாது. பிறகு யாரோ கொண்டுவந்து கொடுத்த உடுப்பு மூட்டையில் எனக்குக் கிடைத்தது சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட, முதுகில் 10 என்று இருந்த ஒரு சேர்ட். அளவு பெரிது. அதைப் போட்டுக்கொண்டுதான் தண்ணீர் வரிசையில் நின்றேன். சேர்ட் முதலில் வந்தது, அணி பிறகு வந்தது. அவ்வளவுதான் உறவு.

அன்று வீட்டுக்கு வந்த வேகத்தில் மாமியிடம் நேர்த்தியைச் சொல்லிவிட்டேன். அதுதான் பிழை. மாமிக்கு உதைபந்து தெரியாது, தேங்காய் தெரியும். உருத்திரபுரத்து வளவில் நிற்கிற மரங்களில் நல்ல தேங்காயாகப் பிடுங்குவித்து, 21ஐயும் உரித்து, குடுமி விட்டு, சாக்கில் கட்டி, குசினி மூலையில் வைத்துவிட்டார்.

ஆறு நாள் கழித்து இரண்டாவது ஆட்டம். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானம். மாமியின் மகன், என் மச்சான், லிவர்பூல் ரசிகன். எனக்கு வாய்த்த விதி அது. இரண்டு பேரும் ஒரே போனைப் பருப்பு டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். சலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை, இரண்டு பேருக்கும் காயம். மச்சான் பாதி நித்திரையில் இருந்தான். 7ஆவது நிமிடத்தில் ஒரிகி போட்டார். சரி, ஒன்றுதானே என்றேன். மெஸ்ஸியும் ஆல்பாவும் சுவாரஸும் அடித்ததை எல்லாம் அலிசன் தட்டிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு உள்ளே வந்த வைனால்டம் 54இல் ஒன்று, 56இல் ஒன்று. அதோடு மூன்று கோல் முன்னிலை முழுதும் கரைந்துபோனது. மச்சான் எழும்பி உட்கார்ந்தான். நான் படுத்துவிட்டேன்.

79ஆவது நிமிடத்தைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத்தான் அதற்குப் பிறகு நூறு தடவை பார்த்திருக்கிறேன். கோர்னர் அடிக்க வந்த அலெக்சாண்டர்-ஆர்னல்ட், பந்தை வைத்துவிட்டு அடிக்காமல் விலகி நடக்கிறார். வேறு யாரோ வந்து அடிக்கப்போகிறார்கள் என்று எங்கள் ஆட்கள் மூச்சு விடுகிறார்கள். ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், ஒருவர் நிலத்தைப் பார்க்கிறார். அந்தப் பெடியன் சட்டென்று திரும்பி ஓடிவந்து தாழ்வாக அடிக்கிறான். ஒரிகி தனியாக நிற்கிறார். 4-0. மொத்தத்தில் 4-3. எதிரணி கெட்டித்தனத்தால் வென்றது என்று எழுதுகிறார்கள். எழுதட்டும். ரசிகனாக என்னைக் கேட்டால், பதினொரு பேரில் ஒருவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் போதும். தோற்றது பரவாயில்லை. கவனமில்லாமல் தோற்றதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விடிந்ததும் குசினிக்குப் போனால் சாக்கு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமை. மச்சானின் டொல்பின் வானில் மாமி, பக்கத்து வீட்டு இரண்டு அக்காமார், நான், கடைசிச் சீட்டுக்குக் கீழே தேங்காய்ச் சாக்கு. பரந்தனால் திரும்பிப் புதுக்குடியிருப்பு வழியே போனால் முறிகண்டியைத் தவிர்க்கலாம் என்று நான் சொல்லிப்பார்த்தேன். மாமி ஏறவே இல்லை, கதவைப் பிடித்தபடி நின்றார். "வழிப்பிள்ளையாரைக் கும்பிடாமல் அம்மாளாச்சியிட்டப் போறதோ?" சரி, தெற்கே திரும்பினோம்.

முறிகண்டியில் மச்சான் சாக்கை இறக்கினான். நான் கச்சான் கடைப் பக்கம் நகர்ந்தேன்.

"மருமோன், உடைக்கேல்லையோ?"

"வெல்லேல்லையே மாமி. பைனலுக்குப் போனால் எண்டுதானே சொன்னனான்."

"அப்ப இது 21உம்?"

நான் வாய் திறப்பதற்குள் மச்சான் சொன்னான்: "அம்மா, நானும் ஒரு நேர்த்தி வைச்சனான். மூண்டு கோல் வாங்கின பிறகு. ஒரு தேங்காய்தான்." சொல்லிவிட்டு, என்னுடைய சாக்குக்குள் கையை விட்டு, என்னுடைய தேங்காயில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, கற்பூரத்தை வைத்துக் கொளுத்திச் சுற்றி, ஓங்கி அடித்தான். நடுவால் பிளந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக உடைந்த தேங்காயை நான் பார்த்ததில்லை.

"என்ர தேங்காயடா" என்றேன்.

"தேங்காயில பேர் எழுதியிருக்கோ?" என்றார் மாமி. "மிச்சத்தைக் கட்டு. அம்மாளாச்சியின்ர வாசல்ல அன்னதானத்துக்குக் குடுப்பம்."

மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்பினால் வீதியின் இரு பக்கமும் காடு. பாலைப்பழக் காலம் அது. வழியில் சின்னப் பிள்ளைகள் சுண்டு வைத்து அளந்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தின்றால் பால் உதட்டில் ஒட்டும், பேச வராது. வானுக்குள் கொஞ்ச நேரம் லிவர்பூல் புராணம் நின்றதற்கு அந்தப் பழம்தான் காரணம். ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டோம். குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் லிங்கம் தானாகத் தோன்றியதாகச் சொல்வார்கள், ஊருக்குப் பேரும் அதிலிருந்துதான். அங்கே கோயில் குளிர்ச்சியாக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் சும்மா நின்றேன்.

முள்ளியவளையில் காட்டா விநாயகர் கோயிலுக்குப் போகாமல் வற்றாப்பளைக்குப் போவது முறையில்லை. அம்மனுடைய பொங்கலுக்கு வேண்டிய சடங்குகளின் பாதி அங்கேதான் நடக்கிறது. பாக்குத்தெண்டல் என்கிற சடங்கோடு தொடங்கி, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடலிலிருந்து தீர்த்தம் எடுத்துவந்து, அந்த உப்புத் தண்ணீரில் ஏழு நாள் விளக்கு எரியும். பிறகு பொங்கலன்று மடைப்பண்டங்களோடு விளக்கும் வற்றாப்பளைக்குப் போகும். எண்ணெய் இல்லை, கடல் தண்ணீர். மாமி கும்பிட்டுவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அருகில் வந்த மச்சான் என் காதில், "நடக்காது எண்டு நினைச்சது நடந்திருக்கு, பாத்தியா" என்றான். அவன் எதைச் சொல்கிறான் என்பது எனக்கு விளங்கியது. கோயில் என்றபடியால் பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகள் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம். வற்றாப்பளைக்குக் கிட்டச் சோதனை கடுமையாக இருந்தது. சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். இருபது தேங்காயையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டிப் பார்த்து, திருப்பிப் போட்டேன். பின்னால் வரிசை நீண்டது. "தம்பி, கடை போடப்போறியோ?" என்று ஒரு ஐயா கேட்டார். தோல்விக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே சனக்கடல். நந்திக்கடலிலிருந்து வந்த காற்று ஒன்றுதான் ஆறுதல். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாப்பளை, அதுவே வற்றாப்பளை ஆனது என்பது ஊர்க்கதை. மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு கிழவியைக் கண்டு, குடில் போட்டுக் கொடுத்து, புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல் தண்ணீரை விட்டு ஏற்றச் சொன்னாள் கிழவி. பிறகு தலை கடிக்கிறது, பாருங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்தால் தலை நிறையக் கண்கள். ஆயிரம் கண்.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்குப் பயமாக இருக்கும். இந்த முறை மாமி அக்காமாருக்கு அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்தக் கோர்னர்தான் நினைவில் வந்தது. முதுகுப் பக்கமும் பார்க்கிற தெய்வத்திடம் போய், முன்னால் இருக்கிற பந்தையே பார்க்காதவர்களுக்காக மன்றாட நினைத்திருக்கிறேன். அம்மாளாச்சி சிரித்திருப்பாள்.

கற்பூரச்சட்டி ஏந்திய பெண்கள், பாற்செம்பு, தூக்குக்காவடி, வெயிலில் கொதித்த மணலில் அங்கப்பிரதட்சணை. ஒரு வயதான அம்மா வெறுங்கையோடு வந்து வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு, தண்ணீர்ப்பந்தலில் மோர்கூட வாங்காமல் போனார். பத்து வருடமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் வருகிறார், மகனுக்காக, என்று மாமி சொன்னார். நேர்த்தி என்ன என்று நான் கேட்டேன். "நேர்த்தி எண்டு ஒண்டும் வைக்கேல்லையாம். வாறா, அவ்வளவுதான்."

அன்னதான மடத்தில் தேங்காயைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், சொதிக்கு வேண்டுமாம். ஆனால் திருவுவதற்கு ஆள் இல்லை. மாமி என்னைக் காட்டினார். திருவலையில் நான் ஏறி உட்கார்ந்தபோது ஏழு மணி இருக்கும். பக்கத்தில் இன்னொரு திருவலையில் மச்சான். தொண்டர்களில் ஒரு பெடியன் சலா பெயர் போட்ட சிவப்பு ரீசேட்டோடு வந்து, நான் யாருடைய ஆள் என்று கேட்டு, மச்சானிடம் பதில் வாங்கி, எனக்கு மட்டும் ஒரு தேத்தண்ணீர் கூடுதலாகக் கொடுத்தான். இரக்கம்.

ஏழாவது தேங்காய்க்குப் பிறகு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. அந்த 79ஆவது நிமிடத்தைப் பற்றி மச்சானும் நானும் முதல்முறையாகச் சண்டை பிடிக்காமல் பேசினோம். அவனும் ஒத்துக்கொண்டான், அன்று மெஸ்ஸி அடித்ததில் ஒன்று உள்ளே போயிருந்தால் கதை வேறு. அப்போது பறைச்சத்தம் கேட்டது. காட்டா விநாயகரிலிருந்து மடைப்பண்டம் வருகிறது என்று எல்லாரும் எழும்பினார்கள். தேங்காய்ப்பூ ஒட்டிய கையோடு நானும் எழும்பி நின்றேன். தலைகளுக்கு மேலால் எதுவும் தெரியவில்லை. கும்பிட்டேன்.

நடுச்சாமத்தில் பொங்கல் பானை ஏறியது. விடியப்புறம் இலையில் புக்கை வாங்கி, கடற்கரைப் பக்கமாக மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கை இன்னும் நடுங்கியது. மாமி எங்கள் கதையை முழுதும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல.

"அந்தக் கோர்னர் அடிச்ச பெடியன் எந்த ஊர்?"

"லிவர்பூல்தான் அம்மா. அங்கேயே பிறந்து வளந்தவன். இருபது வயது" என்றான் மச்சான்.

"சொந்த ஊர்ப் பிள்ளையோ?" மாமி என் பக்கம் திரும்பினார். "அப்ப நீ முறிகண்டியில சொல்லி என்னடா செய்யிறது? அந்த ஊருக்கெண்டு ஒரு பிள்ளையார் இருப்பார்தானே."

திரும்பும்போது வட்டுவாகல் பாலத்தால் வந்தோம். முள்ளிவாய்க்காலில் மே 18 நினைவேந்தலுக்குக் கட்டிய சிவப்பு மஞ்சள் துணிகள் இன்னும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அங்கே யாரும் எதுவும் பேசவில்லை. விசுவமடு தாண்டிய பிறகுதான் மச்சான் வாயைத் திறந்தான். பைனல் ஜூன் 1, மட்ரிட்டில். அதற்கு முன் ஒருக்கால் முறிகண்டிக்குப் போய்வர வேண்டுமாம். வளவில் இன்னும் எத்தனை தேங்காய் நிற்கிறது என்று மாமியிடம் கேட்டான்.