ஒரு ஓட்டைக்கு எத்தனை எண்ணெய்!

குன்னூர்க் காட்டெருமைக்குக் கேட் ஒரு பொருட்டே இல்லை. எங்கள் கேட்டை அது முட்டக்கூட இல்லை, சும்மா முதுகு சொறிந்துவிட்டுப் போனது. அதற்கே மேல் கீல் தெறித்துவிட்டது.

கேட் மட்டுமென்றால் பட்டறைக்குத் தூக்கிப் போயிருக்கலாம். கீல் மாட்டியிருந்தது பழைய தண்டவாளத் துண்டில். மலையில் பல வீடுகளுக்கு அதுதான் தூண். எங்களுடையதைக் கல்கட்டோடு சேர்த்து சிமென்ட் போட்டு வைத்திருக்கிறார்கள். பின்னால் கை போகாது, நட்டு மாட்ட முடியாது. வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் படிக்கட்டில் ஏற எந்தப் பட்டறைக்காரரும் தயாரில்லை. ஆக, தண்டவாளத்திலேயே ஓட்டை போட்டு, டேப் என்கிற மரை வெட்டும் கருவியால் உள்ளே மரை வெட்டி, 10 எம்.எம். போல்ட்டை நேராக முறுக்க வேண்டியதுதான்.

"இதுக்கெல்லாமா ஆள் கூப்பிடுவாங்க மாமா? தள்ளுங்க" என்று மச்சினன் டிரில் மெஷினோடு வந்தான். ஜனவரி மாதம், மூடுபனி இன்னும் விலகவில்லை. சுவரில் ஆணிக்கு ஓட்டை போடும் பிட்டை மாட்டி, மெஷினின் ஹேமர் சுவிட்சையும் போட்டு அழுத்தினான். பக்கத்து ஊர் வெலிங்டன் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த பிட்டின் நுனி கல்லைக் குத்திப் பொடியாக்கத்தான் லாயக்கு. இரும்பைச் சீவ அதில் கூர் கிடையாது. தண்டவாளம் கணீரென்று பாடியதே தவிர, பளபளவென்று ஒரு பொட்டு மட்டும்தான் விழுந்தது. அடுத்து இரும்பு பிட், முழு வேகம். புகை வந்தது, நுனி நீலமாகி மழுங்கியது.

புகையைப் பார்த்ததும் ஊர் கூடிவிட்டது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் எண்ணெய் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. எதிர்வீட்டு சார் மண்ணெண்ணெய்தான் என்று அடித்துச் சொன்னார். அலுமினியத்துக்கு அது அருமையானது, சரி. தண்டவாளம் அலுமினியமா? ஆட்டோ அண்ணன் பழைய இன்ஜின் ஆயிலோடு வந்தார். இரும்பு இரும்போடு உரசித் தேயாமல் இருக்கச் செய்த எண்ணெய் அது. எங்களுக்கோ தேய்ந்தே ஆக வேண்டும். தைலக்கடைக்காரரைப் பற்றித்தான் தனியாகச் சொல்ல வேண்டும். சளி, மூட்டுவலி, எறும்பு, பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் யூகலிப்டஸ் தைலம் கொடுக்கிறவர், தண்டவாளத்துக்கும் கொடுத்தார். அது தண்ணீர் மாதிரி ஓடும், சூடுபட்டால் ஆவியாகப் பறக்கும், வழுவழுப்பே கிடையாது. மச்சினன் ஊற்றி ஓட்டினான். ஓட்டை விழவில்லை, நின்றிருந்த அத்தனை பேருக்கும் மூக்கடைப்பு விட்டது.

கடையில், இரும்பு வெட்டும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் கேட்டுப் பார்த்தேன். ஐந்து லிட்டர் கேன்தான் இருக்கிறதாம். ஒரு ஓட்டைக்கு!

கடைசியில் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து அந்த வழியாக வந்தார். எண்ணெய்ப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. நீலம் பாரித்த பிட்டை வாங்கி நகத்தில் வைத்துப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், மறுபடி பிட்டைப் பார்த்தார். "தம்பி, இதுக்குக் கூரே இல்லையே. நெய்யே ஊத்தினாலும் போகாது" என்றார்.

பையிலிருந்து கோபால்ட் பிட் வந்தது. தண்டவாளம் நாம் வாங்கும் ஆங்கிள், பட்டை மாதிரி இல்லை. அதில் கார்பன் அதிகம், இறுக்கமான இரும்பு. மழுங்கிய பிட்டை வைத்துத் தேய்த்தால் சூடேறுமே தவிர வெட்டாது. அண்ணன் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியால் ஒரு தட்டு தட்டிப் புள்ளி வைத்து, முதலில் 4 எம்.எம். பிட்டில் வழி பண்ணினார். அப்புறம் 8.5. அதென்ன அரைக் கணக்கு என்று சார் கேட்டார். 10 எம்.எம். மரைக்குப் புரி இடைவெளி 1.5, பத்தில் அதைக் கழித்தால் மிச்சம் 8.5. மெஷினை மெதுவாக ஓட்டி, உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தினார். பிட்டின் இரண்டு பக்கமும் வெள்ளி நிறத்தில் சுருள் சுருளாகக் கழன்று வந்தது, முறுக்குப் பிழிகிற மாதிரி. சுருள் நீலமாக வந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தமாம்.

தண்டவாளத்தைத் தாண்டியதும் சிமென்ட் இடித்தது. டேப்பின் நுனி சரிவாக இருக்கும், அது போய் நிற்கப் பின்னால் இடம் வேண்டும். "அந்தச் சுவர் பிட் எங்கே?" என்றார். காலையிலிருந்து திட்டு வாங்கிய 8 எம்.எம். பிட் அந்த ஓட்டைக்குள் நுழைந்து சிமென்ட்டைக் குடைந்தது. மச்சினன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்!

டேப் போடும்போதுதான் அண்ணனே எண்ணெய் கேட்டார். டேப்பில் எண்ணெய் கஞ்சத்தனம் ஆகாது. இறுகி உள்ளேயே முறிந்தால் அவ்வளவுதான், டேப் இரும்பைச் சாதாரண பிட் தொடாது. ஆனால் ஓட்டை படுக்கைவாட்டில் இருந்தது. எதை ஊற்றினாலும் தூணில் வழிந்து தரைக்குப் போனது.

பக்கத்து வீட்டு ஆயா அதுவரை திண்ணையில் தேங்காய் எண்ணெய் டப்பாவைக் கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருந்தார். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது உறையும். ஜனவரியில் எங்கள் ஊர்க் காலை அதைவிட எவ்வளவோ கீழே. "இதுதான் வேணும்!" என்று அண்ணன் டப்பாவை வாங்கி, விரலால் வழித்து, டேப்பின் பள்ளங்களில் வெண்ணெயாக அப்பினார். வழியவில்லை. வெட்டுகிற இடத்தில் சூட்டுக்கு மட்டும் உருகியது. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. பின்னே திருப்பும்போது சுருள் முறிகிற 'கடக்' சத்தம் கேட்க வேண்டும். முதல் டேப், இரண்டாவது, மூன்றாவது. போல்ட் வெறுங்கையிலேயே உள்ளே போனது.

ஆயா டப்பாவைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். வெள்ளை எண்ணெயில் கறுப்பாக விரல் தடம், நடுவில் மினுக்கும் இரும்புப் பிசிறு.

"இதை நான் தலைக்கு வெச்சா மண்டையில மரை விழுந்துடும்" என்று மச்சினன் கையில் டப்பாவைத் திணித்தார். "நீயே தேச்சுக்க ராசா. உனக்குத்தான் அங்க ஏற்கெனவே கழண்டு கெடக்கு."