மயாமியிலிருந்து பனாமா வரை: உலகக் கப்பல் பயணத்தின் முதல் ஐந்து நாட்கள்

நான்கு மாத உலகப் பயணத்துக்குக் கப்பல் ஏறும் தம்பதிகள் செய்கிற முதல் தப்பு, ஓட்டலுக்கு வந்ததுபோல் இருந்துவிடுவது. இது குடித்தனம். சுமார் 300 சதுர அடியில் இரண்டு பேர், 120 நாள். பால் காய்ச்ச முடியாது, அவ்வளவுதான். மற்றபடி புது வீட்டுக்குப் போனதும் செய்கிற அத்தனை வேலையும் இங்கேயும் உண்டு. முதல் இரண்டு நாளில் முடித்தால் உண்டு, இல்லையென்றால் கடைசி வரை பெட்டியைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஜனவரியில் மயாமியில் கிளம்பி, பனாமா கால்வாய் வழியாகப் பசிபிக்குக்குப் போகும் மேற்குத் திசைப் பயணத்தை வைத்துச் சொல்கிறேன். இரண்டு நாள் முன்னாலேயே மயாமி போய்விடுங்கள். நம் ஊருக்கும் அங்கேயும் பத்தரை மணி நேர வித்தியாசம். அந்த அசதியோடு கப்பல் ஏறினால் முதல் மூன்று நாள் தூக்கத்திலேயே போகும். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ விமானம் மாறுவதாக டிக்கெட் எடுத்தால் ஜனவரிப் பனிப்புயலுக்கும் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் வரவில்லை என்று கப்பல் நிற்காது.

காகிதங்களில் நம்மவர்களுக்கு வரும் தனிச் சிக்கல், இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையில் ஒற்றை எழுத்து இருக்கும். டிக்கெட், விசா, தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். சென்னையில் இந்த ஊசிக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க. 60 வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ள வேண்டாம்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளைப் போர்ட்டர் வாங்கிக்கொள்வார். அவை கேபின் வாசலுக்கு வர மாலையாகிவிடும். கைப்பையில் பாஸ்போர்ட், அட்டைகள், ஒரு மாற்றுடை, அப்புறம் மருந்து. ஒரு வாரத்துக்கான மருந்து போதாது, 120 நாளுக்கும் மேலே ஒரு மாதத்துக்கும் சேர்த்து மொத்தமும் கையிலேயே இருக்கட்டும். ஸ்ட்ரிப்போடு, டாக்டர் சீட்டோடு. கோடீன் கலந்த இருமல் மருந்து பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டது. அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கேபினில் நுழைந்ததும் அலமாரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்தத் தட்டு, யாருக்கு எந்த இழுப்பறை என்று அன்றே பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். காலிப் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். சிறியதைப் பெரியதற்குள் போட்டுத் தள்ளலாம். பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் இரும்புத் தகடு. அதனால் காந்தக் கொக்கி பத்து வாங்கிப் போனால் தொப்பி, பை, நனைந்த துண்டு எல்லாம் தரையை விட்டு ஏறிவிடும். பசை கொக்கி ஒட்டாதீர்கள், பெயிண்ட்டோடு வரும்.

பிளக் விஷயம் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேபினில் அமெரிக்கத் தட்டைக் கால் 110 வோல்ட் சாக்கெட்டும், ஐரோப்பிய உருண்டைக் கால் 220 வோல்ட் சாக்கெட்டும் பொதுவாக இருக்கும். நம் ஊர் இரட்டைக் கால் போன் சார்ஜர் இரண்டாவதில் நேராகவே பொருந்தும். மூன்று கால் பிளக்குக்கு அடாப்டர் தேவை. ஆனால் சர்ஜ் புரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென ஏறினால் காக்கும் அமைப்பு) வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுபோனால் ஸ்கேனரிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்கும். கப்பலில் அப்படிச் சேர்ப்பதில்லை, இரண்டு கம்பியிலுமே மின்னழுத்தம் இருக்கும். சர்ஜ் பாதுகாப்பு ஒரு கம்பியை மட்டும் துண்டித்தால் மற்றதில் மின்சாரம் நிற்காது. உள்ளே சூடேறித் தீப்பிடிக்கலாம். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, காயில் ஹீட்டர், குட்டி ரைஸ் குக்கர் எல்லாவற்றையும் இதேபோல் எடுத்து வைத்துவிடுவார்கள். இஸ்திரிக்குப் பொது சலவை அறை உண்டு. கப்பல் கடலிலேயே இருக்கும் நாட்களில் காலை அங்கே கூட்டம் நெரியும், எல்லோரும் ஊர் சுற்ற இறங்கும் நாளில் காலியாகக் கிடக்கும்.

பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது வாசல் கதவைத் திறக்காதீர்கள். காற்று ஊடுருவிப் போய்க் கனமான கதவு அறைந்து சாத்தும். நிலையில் விரல் இருந்தால் நேராக மருத்துவ அறைதான். கழிவறை வேக்யூமில் இழுப்பது. அவர்கள் வைத்திருக்கும் தாளைத் தவிர எதைப் போட்டாலும் அடைத்துக்கொள்ளும். அதே குழாயில் இருக்கிற பக்கத்துக் கேபின்களும் சேர்ந்து மாட்டும்.

கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குட்டைச் சங்கொலி, ஒரு நீண்ட ஒலி, அவரவர் கூடும் இடம். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி வந்தது. அறைக்குத் திரும்பும்போது லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் ஒருமுறை நடந்து வழியைப் பழகிக்கொள்ளுங்கள்.

முதல் இரவுதான் ஆட்டம். மயாமிக்கு வெளியே வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. ஜனவரியில் வாடைக்காற்று அதை எதிர்த்து வீசினால் அலை நெருக்கமாக, செங்குத்தாக எழும். வயிற்றைப் பிரட்டிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, அதுவும் வெளியே வந்துவிடும். அவோமின் மாதிரி மாத்திரையை ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்தமோ புராஸ்டேட் தொந்தரவோ இருப்பவர்கள் ஊரிலேயே டாக்டரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். முடியாவிட்டால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் போய் உட்காருங்கள். ஊஞ்சலின் நடுவைப்போல அங்கே அசைவு குறைவு.

மறுநாள் காலை முதல் வேலை, புக்கிங். தனி உணவகங்கள், பின்னால் வரும் பெரிய துறைமுகங்களின் சுற்றுலா எல்லாம் முதல் நாட்களிலேயே நிரம்பிவிடும். பணம் கட்டும் விஷயத்தில் ஒரு குறிப்பு: கடலில் போனை ஃபிளைட் மோடில் வைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் கப்பலின் செல் நெட்வொர்க் ரோமிங் பில்லைத் தீட்டிவிடும். ஃபிளைட் மோடில் வங்கி ஓடிபி வராது. அதனால் ஊரில் கட்ட வேண்டிய கரண்ட் பில், இன்சூரன்ஸ், சிம் ரீசார்ஜ் எல்லாம் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சைவர்கள் முதல் இரவே உணவக மேலாளரைப் பார்த்துவிடுவது நல்லது. "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. காய்கறி சூப்பில் கோழி எலும்புச் சாறு இருக்கும், சீசர் சாலட்டில் நெத்திலி, புட்டிங்கில் ஜெலட்டின். இன்னின்னது கூடாது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மறுநாள் மெனுவை முதல் நாள் இரவே கொண்டுவரச் சொல்லிக் குறித்துக் கொடுக்கலாம். சமையலறையில் இந்தியர்கள் இருப்பது சகஜம். ஒரு நாள் முன்னால் சொன்னால் சாதம், பருப்பு, ஏதாவது ஒரு பொரியல் வந்துவிடும். ரசத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் அது கப்பலுக்குள்ளேயே இருக்கட்டும். நியூசிலாந்தில் கைப்பையில் மறந்து இறங்கினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். பஃபேக்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பலில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸ் ஆல்கஹால் ஜெல்லுக்கு அவ்வளவாக மசியாது.

பனாமா கால்வாய் நாளில் காலை ஆறு மணிக்குள் முன் டெக்கில் இடம் பிடியுங்கள். காட்டூன் பூட்டுகளில் (தண்ணீரை நிரப்பிக் கப்பலை உயர்த்தும், கதவு வைத்த தொட்டிகள்) மூன்று படியாக 26 மீட்டர் ஏறி ஏரியில் நுழைகிறது கப்பல். பம்ப் எதுவும் கிடையாது, எல்லாம் மேலிருந்து பாயும் தண்ணீர்தான். ஒரு கப்பல் கடக்கச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 1914-இல் திறந்த பழைய பூட்டின் அகலம் 33.5 மீட்டர். 32 மீட்டர் அகலக் கப்பல் என்றால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டர்தான் மிஞ்சும். கீழ் டெக் பால்கனியில் நின்றால் ஈரச் சிமெண்டுச் சுவர் முகத்துக்கு நேரே மேலிருந்து கீழே இறங்கும். உண்மையில் ஏறுவது நாம்தான். ஏறும் முதல் இரண்டு மணி நேரம் முன் டெக்கில், ஏரியில் போகும்போது சாப்பாடும் தூக்கமும், பசிபிக் பக்கத்து மிராஃபுளோரெஸ் பூட்டுகளில் இறங்கும்போது பால்கனி. நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள் மறுநாள் படுத்துவிடுகிறார்கள்.

மயாமிக்கும் பனாமாவுக்கும் ஜனவரியில் ஒரே நேரம்தான். கடிகாரம் அதற்கப்புறம்தான் நகரத் தொடங்கும்: மேற்கே 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் பின்னால். 25 மணி நேர நாட்கள் உடம்புக்குச் சுகம். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒன்று, துறைமுகத்தில் போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும்; திரும்பி ஏற வேண்டிய நேரமோ கப்பல் நேரம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை ஆளுக்கொன்று கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மாத்திரைப் பெட்டி. சர்வதேசத் தேதிக்கோட்டை மேற்கே தாண்டும்போது காலண்டரில் ஒரு நாளே காணாமல் போகும்: திங்கள் இரவு படுத்தால் விடிவது புதன். மேற்கே போய் உலகைச் சுற்றிவந்த மகெல்லனின் மாலுமிகள் 1522-இல் கேப் வெர்டே வந்து சேர்ந்தபோது, தங்கள் கணக்கில் புதன், கரையில் வியாழன் என்று குழம்பியதும் இதனால்தான். கிழமை போட்ட பெட்டியில் செவ்வாய் மாத்திரை அப்படியே கிடக்கும். மறந்துவிட்டோம் என்று அதையும் சேர்த்து விழுங்குவது நடக்கிறது. கிழமைப் பெட்டியை ஒதுக்கிவிட்டு, 1 முதல் 30 வரை எண் போட்ட பெட்டி வாங்குங்கள். இருவருக்கும் வேறு வேறு நிறத்தில்.