குழாய்க்கு எந்த ராடு, சிலிண்டருக்கு எந்த வயர்: வெல்டிங் தாளுக்கு நான் படித்த முறை

வெல்டிங் தேர்வுத் தாளில் பலரும் தடுமாறுவது, “இந்த வேலைக்கு எந்த முறை, எந்த ஃபில்லர், ஏன்?” என்ற கேள்வியில்தான். (ஃபில்லர் என்பது இணைப்பை நிரப்ப உருக்கிச் சேர்க்கும் ராடு அல்லது வயர்.) அட்டவணையை உருப்போட்டால் முதல் இரண்டுக்கும் விடை எழுதிவிடலாம். மதிப்பெண் இருப்பது அந்த ‘ஏன்’ பகுதியில். அதனால் விடையைத் தொடங்குமுன் மூன்று விஷயங்களை ஓரத்தில் குறித்துக்கொள்வேன்: என்ன உலோகம், வேலை வெட்டவெளியிலா பட்டறையிலா, உள்ளே எவ்வளவு அழுத்தம்.

ஊர்விட்டு ஊர் போகும் எரிவாயுக் குழாயை எடுத்துக்கொள்வோம். உலோகம் ஏ.பி.ஐ. 5எல் எக்ஸ்65 என்ற குழாய் உருக்கு ரகம். குழாயைச் சுழற்ற முடியாது, வயரோடு வாயுவும் பாயும் மிக் வெல்டிங் என்றால் அந்தப் பாதுகாப்பு வாயுவை வெட்டவெளிக் காற்று கலைத்துவிடும். ஆகவே ராடு வெல்டிங். ரூட் பாஸுக்கு (அடியில் போடும் முதல் அடுக்கு) இ6010 ராடு, டவுன்ஹில் முறையில், அதாவது மேலிருந்து கீழாக. அதன் செல்லுலோஸ் பூச்சு எரிந்து ஆர்க்குக்கு (ராடுக்கும் குழாய்க்கும் இடையே எரியும் மின்வில்) நல்ல வேகம் கொடுக்கிறது. ஊடுருவல் ஆழமாக இருக்கும், கசடு குறைவு. ஆனால் ஹைட்ரஜன் அதிகம், அது விரிசலுக்கு வழி. அதனால்தான் முன்சூடும், ரூட் முடிந்த கையோடு ஹாட் பாஸும் (இரண்டாம் அடுக்கு) வேண்டும்.

இங்கே எல்லோருக்கும் வரும் சந்தேகம்: 65 குழாய்க்கு 60 ராடு போதுமா? இரண்டு எண்ணும் ஒரே விஷயத்தை அளப்பதில்லை. குழாயில் 65 என்பது ஈல்டு வலிமை (உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு), சுமார் 450 மெகாபாஸ்கல். ராடில் 60 என்பது இழுவிசை வலிமை (அறுவதற்கு முன் தாங்கும் உச்ச அளவு). இழுவிசையை இழுவிசையோடுதான் ஒப்பிட வேண்டும். எக்ஸ்65-க்கு அது குறைந்தது 535 மெகாபாஸ்கல்; 60 ராடு அதை எட்டாது. எனவே ஃபில், கேப் பாஸ்களுக்கு (நடு அடுக்குகள், மேல் அடுக்கு) இ8010 அல்லது லோ ஹைட்ரஜன் இ8018. ரூட்டுக்கு மட்டும் 60 போதும், அது மெல்லிய அடுக்கு. அங்கே விரிசல் விடாத நெகிழ்வுதான் முக்கியம். இந்த இரண்டு வரியை எழுதினால் புரிந்து படித்திருக்கிறீர்கள் என்று திருத்துபவருக்குத் தெரிந்துவிடும்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) ஒன்று: 7018, 8018 ராடுகளை ஓவனில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் பேக் செய்து ஈரத்தைப் போக்க வேண்டும். 6010-ஐ அப்படிச் செய்யக் கூடாது. பூச்சில் உள்ள ஈரம் அந்த ஆர்க்குக்குத் தேவை.

அப்புறம் சிலிண்டர். 14.2 கிலோ எல்.பி.ஜி. சிலிண்டர் ஐ.எஸ். 3196 என்ற இந்தியத் தரத்தின்படி, குறைந்த கார்பன் தகட்டை அழுத்தி வடிவமைத்த இரண்டு பாதிகள். பட்டறையில் சுழற்றிக்கொண்டே போடலாம் என்பதால் நடு ஜாயின்ட் சப்மெர்ஜ்டு ஆர்க், அதாவது ஃபிளக்ஸ் என்ற பாதுகாப்புத் தூளுக்கு அடியில் ஆர்க் எரியும் முறை. வயர் இஎல்8, அதற்கேற்ற ஃபிளக்ஸ். அடி வளையத்துக்கு சி.ஓ.2 வெல்டிங், இஆர்70எஸ்-6 வயர். பிறகு வெப்பச் செயல்முறை, தண்ணீர் அழுத்தச் சோதனை.

கேள்வியில் “ஆக்சிஜன் சிலிண்டர்” அல்லது “சி.என்.ஜி. சிலிண்டர்” என்று இருந்தால் நிதானியுங்கள். வழக்கமான உருக்கு சிலிண்டர் தையலில்லாதது. பெரும்பாலும் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்திய குரோம்-மாலிப்டினம் உருக்கு. சி.என்.ஜி. 200 பார் அழுத்தத்தில் இருக்கும். வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் கெட்டுவிடும். “இதை வெல்டிங் செய்யவே கூடாது” என்பதுதான் சரியான விடை. தேர்வறைக்கு வெளியே அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பழுதுபார்க்கச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

பயிற்சிக்கு மருத்துவமனை ஆக்சிஜன் செப்புக் குழாயை நீங்களே எழுதிப் பாருங்கள். பிரேசிங் (குழாயை உருக்காமல் ஃபில்லரை மட்டும் உருக்கி இணைப்பது), பாஸ்பரஸ் கலந்த செப்பு ஃபில்லர், குழாய்க்குள் நைட்ரஜன் ஓட்டம். செப்போடு செப்பு சேரும்போது ஃபிளக்ஸ் ஏன் தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.