நெறிக்கட்டிக்கு ஒரு கணக்கு

பாலக்கோடு தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எந்த வியாபாரி எத்தனை கூடை எடுத்தார் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வேன். போன ஆடியில் இடது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு நெறிக்கட்டி தட்டுப்பட்டது. அதன்பின் எந்தக் கணக்கும் மனதில் நிற்கவில்லை.

பயப்படுவது எனக்குப் புதிதல்ல. பென்னாகரம் பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவன்; பல்லில் பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும், முழங்கால் வலித்தால் எலும்பில் ஏறிவிட்டது என்றே நினைப்பேன். ஊரில் அப்படி முடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேனே!

தருமபுரியில் ஸ்கேன் எடுத்தேன். சாதாரண நெறிக்கட்டிதான் என்றார்கள். அந்த நிம்மதி திரும்பும் பஸ்ஸில் பாதி வழிகூடத் தாங்கவில்லை. கருவியைச் சரியான இடத்தில்தான் வைத்தார்களா? அடுத்த வாரம் சேலத்தில் இன்னொரு ஸ்கேன். அதற்கும் அதே ஆயுசு.

ஒரு நள்ளிரவில் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். "ஒரு நாளைக்கு எத்தனை முறை தொட்டுப் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார் அந்த அம்மா. கணக்குப்பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு பார்த்த மனநல மருத்துவர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். தாடைக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் சிவந்து கன்றியிருந்தது. "வலிக்கிறது என்று அமுக்குகிறீர்கள். அமுக்குவதால்தான் வலிக்கிறது" என்றார். தொடாதே என்று சொல்லவில்லை. தொட்டால் ஒரு கோடு போடு, தொடத் தோன்றினால் பத்து நிமிடம் தள்ளிப்போடு, அவ்வளவுதான். மண்டி நோட்டின் கடைசிப் பக்கத்தில் முதல் நாள் விழுந்தவை 61 கோடுகள்.

பத்து நிமிடம் என்றால் லேசாக நினைக்கக் கூடாது. ஏலம் நடக்கும்போது பரவாயில்லை. சரக்கு இறங்காத மதியத்தில் விரல் தானாக மேலே போகும். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

"பெரிதாகியிருக்கிறதா பார்" என்று மனைவியைக் கேட்பதையும் மருத்துவர் நிறுத்தச் சொன்னார். அவளுக்கு அதில் ஏக சந்தோஷம். கேட்டால், "எனக்குத் தெரியாதுங்க, சாப்பிட வாங்க" என்பாள். முதலில் கோபம் வந்தது.

நேற்று ஒன்பது கோடுகள். இன்று இதை எழுதி முடிப்பதற்குள் நான்கு.