ஆபிசிலிருந்து பெக்டரி வரை: கேபிள் பாதையை நெட்பொக்ஸில் பதிந்த முறை

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபிசுக்கும் தேயிலை பெக்டரிக்கும் இடையே சுமார் 400 மீற்றர் பைபர் (ஒளியிழைக் கேபிள்) ஓடுகிறது. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு 100 மீற்றர்தான் எல்லை. அதைவிட, இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனி எர்த் இருக்கும் இடத்தில் செம்பு இழுத்தால், ஒரு மின்னல் போதும், இரு பக்க நெட்வேர்க் ஸ்விட்சும் போய்விடும். ஆகவே 12 கோர் (இழை) கொண்ட சிங்கிள் மோட் பைபர். இதை நெட்பொக்ஸில் (நெட்வேர்க் சாதனங்களையும் கேபிள்களையும் பதிந்துவைக்கும் மென்பொருள்) பதியும்போது நாங்கள் விடாமல் பிடித்த விதி ஒன்றுதான்: கையால் பிடித்துக் காட்டக்கூடிய ஒவ்வொரு துண்டும் தனிக் கேபிள்.

ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரே கோடு போட்டுவிடலாம். ஆனால் லைன் விழுந்த இரவில், எந்தப் பெட்டியைத் திறப்பது என்று அந்தக் கோடு சொல்லாது. அங்கே இருப்பவை மூன்று கேபிள்கள்: ஆபிஸ் ஸ்விட்சிலிருந்து பைபர் பெட்டிக்குப் பேட்ச் கோர்ட் (குட்டை இணைப்புக் கேபிள்), பெட்டிக்குப் பெட்டி 12 கோர் கேபிள், பெக்டரிப் பெட்டியிலிருந்து அங்குள்ள ஸ்விட்சுக்கு இன்னொரு பேட்ச் கோர்ட். 2018 இறுதியில் வந்த 2.5 பதிப்பிலிருந்து நெட்பொக்ஸ் இதற்கு இடம் தருகிறது. பெட்டியும் ஒரு சாதனம். கோர்ட் செருகும் பக்கம் முன் போர்ட், கேபிள் வந்து சேரும் பக்கம் பின் போர்ட்.

சிக்கல் வரும் இடம் பின் போர்ட்டின் நிலைகள், அதாவது ஒரு பின் போர்ட்டில் எத்தனை முன் போர்ட்டுகள் சேரும் என்ற எண்ணிக்கை. டூப்ளெக்ஸ் எல்சி (இரண்டு கோரைச் சோடியாகச் செருகும் இணைப்பி) என்றால் 12 கோர், 6 சோடி. ஒரு பின் போர்ட், அதில் 6 நிலைகள், 6 முன் போர்ட்டுகள். இரு பெட்டியிலும் இதே கணக்கு இருக்க வேண்டும். ஒரு பக்கம் சோடிக்கணக்கில் 6, மறுபக்கம் கோர்க்கணக்கில் 12 என்று வைத்தால், இரண்டாவது சோடியில் புறப்பட்ட பாதை மறுமுனையில் இரண்டாவது கோரில் போய் நிற்கும். மென்பொருள் இதைத் தடுக்காமல் பாதையை முழுமையாகக் காட்டினால் பிழை கண்ணுக்குத் தெரியாது.

செம்புக் கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலுக்குக் கணக்கு வேறு. 24 போர்ட் பேனலில் ஒவ்வொன்றின் பின்னாலும் தனிக் கேபிள் வருகிறது. எனவே ஒரு நிலை கொண்ட 24 பின் போர்ட்டுகள். சுவர் சொக்கெட்டும் ஒரு சாதனமே: ஒரு முன், ஒரு பின்.

சாதன வகை வார்ப்பை (ஒரு வகைச் சாதனத்துக்கு எந்தெந்தப் போர்ட்டுகள் என்ற மாதிரி) முதலில் சரிபார்த்த பிறகே பெட்டிகளை உருவாக்குங்கள். பிறகு வார்ப்பைத் திருத்தினால் ஏற்கெனவே உருவாக்கிய சாதனங்கள் மாறாது. ஒவ்வொன்றாகத் திருத்த நேரும்.

கேபிள்களை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஏற்றினோம். ஒவ்வொரு வரியிலும் இரு பக்கச் சாதனம், போர்ட் வகை, போர்ட் பெயர். பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். முழுப்பெயருள்ள போர்ட்டைச் சுருக்கி எழுதினால் ஏற்காது. ஏற்கெனவே கேபிள் உள்ள போர்ட்டை இன்னொரு வரி கேட்டாலும் அப்படித்தான். ஒரு வரி பிழைத்தால் முழுக் கோப்பும் திரும்பிவிடும். அதனால் சாதனங்களை அடுக்கும் ரேக்குக்கு ஒரு கோப்பு என்று பிரிப்பதே நல்லது.

நீளத்தையும் எழுதுங்கள். 400 மீற்றரில் பைபரில் ஒளி இழப்பு 0.2 டெசிபல் (டிபி)கூட வராது. இரு முனை இணைப்பிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 0.75 டிபி, இரு முனையிலும் இழையை ஒட்டும் வெல்டிங்குக்கு ஒவ்வொன்றுக்கும் 0.3 டிபி கூட்டினாலும் மொத்தம் சுமார் 2.3 டிபி. இழப்பை அளக்கும் மீட்டர் 5 டிபி காட்டினால் கேபிளைச் சந்தேகிக்காமல் முனையைத் துடைக்க வேண்டும். சலிக்கும் அறைத் தூசும் மழைக்காலப் பனிமூட்டமும் சேரும் பெக்டரியில், மூடி இல்லாத இணைப்பி சீக்கிரமே அழுக்காகிவிடும். அதே ஈரத்தில் காகித லேபல் உரிந்துவிடும்; சூட்டில் சுருங்கும் குழாய் லேபல் நிற்கும். இரு முனையிலும் ஒரே எண், அதே எண் நெட்பொக்ஸின் லேபல் புலத்திலும்.

சரிபார்க்க, ஸ்விட்சில் எல்எல்டிபி (அடுத்த முனைச் சாதனம் தன்னை அறிவிக்கும் நெறிமுறை) அயல் பட்டியலை எடுத்து நெட்பொக்ஸ் காட்டும் பாதையின் இரு முனைகளோடு ஒப்பிடுங்கள். இடையிலுள்ள பெட்டிகள் எல்எல்டிபிக்குத் தெரியாது. அவற்றுக்கு, ஒரு முனையில் சிவப்பு ஒளி டோர்ச் அடித்து மறுமுனையில் பார்ப்பதுதான் வழி. ஒக்டோபர், நவம்பர் மின்னலுக்குப் பிறகு இந்த ஒப்பீடு கட்டாயம்: போர்ட் எரிந்ததும் பணியில் இருப்பவர் கோர்ட்டைப் பக்கத்துப் போர்ட்டுக்கு மாற்றி லைனை எழுப்பிவிடுவார். அது சரியான வேலைதான். அன்றே பழைய கேபிள் பதிவை நீக்கிப் புதியதைப் போட வேண்டும்.